கைப்பிடிக்குள்ள என்ன இருக்கு?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டிருக்கின்றன.)

போன மாசம் ஒரு குரல் பதிவு வந்துச்சு. பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டதால சொல்லல. பாலவாக்கத்துல, கடல்ல இருந்து ரெண்டு தெரு தள்ளி அவருக்கு ரூம். ஆன்லைன்ல கறுப்பா, நேரா ஒரு நிஞ்சா வாள் பாத்து வெச்சிருக்காரு. "அண்ணா, சுவத்துல மாட்டினா துரு பிடிக்குமா?" அவ்வளவுதான் கேள்வி.

ரெண்டு வரியில பதில் சொல்லிடலாம். பிடிக்கும். துடைச்சு எண்ணெய் போடுங்க. ஆனா நான் இந்த மாதிரி வாள்களைப் பல வருஷமா வாங்கி, மாட்டி, துடைச்சு, ஒரு நாள் ராத்திரி அதுக்கான விலையையும் பாத்தவன். அதனால இன்னைக்கு முழு எபிசோடும் இதுதான்.

முதல்ல என் கதை. நான் செங்கல்பட்டுப் பையன். கொளவாய் ஏரிப் பக்கம் வீடு. சின்ன வயசுல கேபிள்ல சனிக்கிழமை ராத்திரி தமிழ் டப்பிங் படம் போடுவாங்க. கறுப்புத் துணி கட்டின ஆள் கூரை மேல ஓடுவான், முதுகுல நேரா ஒரு வாள். மறுநாள் காலையில அட்டைப் பெட்டியைக் கிழிச்சு வாள் செஞ்சுக்கிட்டு நானும் மாடிப்படியில ஓடுவேன். அந்த ஆசை போகவே இல்ல. சிறுசேரியில வேலை கிடைச்சு, அம்மாவும் நானும் மாமல்லபுரத்துக்கு வாடகை வீட்டுக்கு வந்தோம். 2016ல முதல் வாளை ஆர்டர் பண்ணினேன். கறுப்பு உறை, சதுரமான கைக்காப்பு, கைப்பிடியில குறுக்கு நெடுக்கா கயித்துப் பின்னல். பெட்டியைத் திறந்தப்போ அம்மா கேட்டாங்க, "இது எதுக்குடா?" "சும்மா, ஷோவுக்கும்மா." அதுக்கப்புறம் ஒண்ணு ஒண்ணா அஞ்சு ஆச்சு.

நிஞ்சா வாள்னு ஒண்ணு இருந்துச்சா?

சேகரிக்கிறவங்க கொஞ்சம் படிக்கவும் படிப்போம் இல்லையா. படிச்சதுல எனக்கு முதல் ஏமாற்றம் இங்கதான். கடையில "நிஞ்சா வாள்"னு விக்கிற இந்த வடிவம், அதாவது நேரான கத்தி, சதுரக் கைக்காப்பு, இதைப் பழைய நிஞ்சாக்கள் வெச்சிருந்தாங்கன்னு காட்ட அந்தக் காலத்து வாள் ஒண்ணுகூட இல்ல. ஜப்பான்ல மியே மாநிலத்துல இகான்னு ஒரு ஊர், நிஞ்சாக்களோட ஊர்னு பேர் வாங்கினது. அங்க நிஞ்சா அருங்காட்சியகம் 1964ல வந்துச்சு. 1967ல ஜப்பான்ல எடுத்த ஜேம்ஸ் பாண்ட் படத்துல நிஞ்சாக்கள் கூட்டமா வந்தாங்க. 1980கள்ல அமெரிக்க நிஞ்சா படங்கள் வீடியோ கேசட்டா உலகம் முழுக்கப் போச்சு. வாளும் கூடவே போச்சு. ரகசியமா ஊருக்குள்ள நுழையற ஒற்றன், பாத்த உடனே "இவன் ஒற்றன்"னு தெரியற மாதிரி ஒரு தனி வாளை ஏன் தூக்கிட்டுப் போகணும்? யோசிச்சாலே புரியுது. அரிவாள் மாதிரி வீட்டுச் சாமான்தான் அவனுக்கு வசதி.

ஆனா ஜப்பான்ல நேர் வாளே கிடையாதான்னா, உண்டு. வளைஞ்ச கத்தானா வர்றதுக்கு முன்னாடி அங்க இருந்ததெல்லாம் நேர் வாள்தான், சீனா, கொரியா பக்கத்துல இருந்து வந்த வடிவம். சோக்குத்தோன்னு பேர். நாரா நகரத்துல ஷோசோயின்னு ஒரு பழைய மரக் களஞ்சியம். 756ல மறைந்த ஷோமு பேரரசரோட பொருட்கள் அங்கதான் போய்ச் சேர்ந்துச்சு. அந்தக் காலத்து நேர் வாள்கள் இன்னைக்கும் அங்க இருக்கு. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கும் மேல. யாரோ ஒருத்தர் தலைமுறை தலைமுறையா பாத்துக்கிட்டதாலதான் அது இருக்கு.

அதே எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்துல இங்க ராஜசிம்ம பல்லவன் கடற்கரைக் கோயிலைக் கட்டிக்கிட்டு இருந்தான். இது தோணினதும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஏன்னா நேர் வாள் தேடி ஜப்பான் வரைக்கும் போன நான், வீட்டுல இருந்து பத்து நிமிஷம் நடந்து மகிஷாசுரமர்த்தினி மண்டபத்துக்குப் போனதில்ல. போங்க. சிங்கத்து மேல எட்டுக் கையோட துர்க்கை வில்லை வளைக்கிறா. எதிர்ல எருமைத் தலையோட மகிஷன் கதையைப் பிடிச்சுக்கிட்டுப் பின்வாங்குறான். துர்க்கையோட ஆட்களைப் பாருங்க, குள்ளமா, தொப்பையோட, வாளும் கேடயமுமா. திரௌபதி ரதத்துக்குள்ள இன்னொண்ணு இருக்கு. துர்க்கை காலடியில மண்டி போட்ட ஒரு ஆள், ஒரு கையால தன் முடியைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால தன் கழுத்துலயே வாளை வைக்கிறான். நவகண்டம்னு சொல்வாங்க. அதைப் பாத்துட்டு வந்தா வாளை "கூலான அயிட்டம்"னு சொல்ல வாய் வராது.

இன்னும் பின்னாடி போகணும்னா, மதுராந்தகம் பக்கத்துல சானூர். 1950லயும் 1952லயும் அங்க பெருங்கற்காலப் புதைகுழிகளைத் தோண்டினாங்க. இறந்தவங்களோட இரும்புச் சாமான்களையும் சேர்த்துப் புதைச்சிருந்தாங்க. ஒரு ஆளோட இரும்பு அவரோடவே போகட்டும்னு. நம்ம மாவட்டத்துல இரும்பு மேல மரியாதை அவ்வளவு பழசு.

பாத்துக்க ஆள் இல்லன்னா என்ன ஆகும்? அதுக்கும் உதாரணம் நம்மகிட்டயே இருக்கு. 1855ல தஞ்சாவூர் மராட்டிய அரசர் ஆண் வாரிசு இல்லாம இறந்தாரு, ராஜ்யத்தைக் கம்பெனி எடுத்துக்கிச்சு. அரண்மனை ஆயுதசாலையில இருந்ததுல ஒரு பகுதி சென்னை மியூசியத்துக்கு வந்துச்சு. மிச்சத்துல பெரும்பங்கு உடைச்சு, பழைய இரும்பா வித்தாச்சு. எழும்பூர்ல ஆயுதங்கள் இருக்கற கூடத்துக்குப் போனா தஞ்சாவூர்க் கட்டாரிகளைக் கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. பேரீச்சம்பழத்துக்குப் போகாம தப்பிச்சது அதெல்லாம்.

உப்புக் காத்து

சரி, துரு. முதல் வாள் வாங்கின வருஷம் ஐப்பசி மழை முடிஞ்சு பாத்தேன். கத்தி மேல மிளகு தூவின மாதிரி புள்ளி புள்ளியா. "துருப்பிடிக்காத எஃகு"ன்னுதானே போட்டிருந்தான்னு எனக்கு ஒரே கோபம்.

விஷயம் என்னன்னா, எவர்சில்வர்ல குரோமியம் சேர்த்திருப்பாங்க, குறைஞ்சது நூத்துக்குப் பத்தரை பங்கு. அந்தக் குரோமியம் காத்தோட சேர்ந்து மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் போடும். அந்தப் படலம்தான் காவல். கடல் காத்துல வர்ற உப்புல குளோரைடு இருக்கு. அது அந்தப் படலத்தை அங்கங்க ஓட்டை போடும். ஓட்டை விழுந்த இடத்துல துரு கீழ்நோக்கிக் குழி தோண்டும். அலங்கார வாள்களுக்கு வழக்கமா போடற 420, 440 வகை எஃகு, அடுப்படிப் பாத்திரத்து எஃகு அளவுக்கு உப்பைத் தாங்காது. அதனால "ஸ்டெயின்லெஸ்"னு பாத்துட்டு நிம்மதியா இருக்காதீங்க.

கல்லுக்கே இந்தக் கதிதான். கடற்கரைக் கோயில்ல உப்பு ஏறின கல் மேல தொல்லியல் துறை ஆட்கள் காகிதக் கூழைப் பத்து மாதிரி அப்பி, உப்பை உறிஞ்சி எடுப்பாங்க. காத்தைத் தடுக்க சவுக்கு மரம் நட்டிருக்காங்க. மொதல்ல உப்பை எடு, அப்புறம் மத்ததுன்றதுதான் அவங்க முறை. மீன்பிடி போட்டு வெச்சிருக்கறவங்களைக் கேளுங்க, அவங்களும் அதையேதான் சொல்வாங்க. கரைக்கு வந்ததும் இஞ்சினுக்கு நல்ல தண்ணி காட்டாம வீட்டுக்குப் போக மாட்டாங்க.

நானும் அதைப் பாத்துக் கத்துக்கிட்டேன். மாசம் ஒரு தடவ வாளைக் குழாயடியில பிடிச்சு நல்லா கழுவுவேன். துணியால துடைப்பேன். தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு. கத்தி கண்ணாடி மாதிரி மின்னும். சுவத்துல மாட்டிட்டு நாலடி தள்ளி நின்னு பாத்துப் பெருமைப்படுவேன். இந்தக் குழாயடியை ஞாபகம் வெச்சுக்கோங்க. திரும்ப வருவேன்.

அந்த ராத்திரி

2022 நவம்பர். அக்கா பையனுக்குப் பதினெட்டு வயசு. செங்கல்பட்டுல இருந்து வந்தான், "மாமா, உன் வீட்டு மாடியில கேக் வெட்டிக்கவா?"ன்னு கேட்டான். வெட்டிக்கோடான்னேன். எனக்கு அன்னைக்கு நைட் ஷிஃப்ட். அம்மா கீழ சமையல்கட்டுல. மாடியில அஞ்சு பசங்க.

ஒருத்தன் போன்ல படம் எடுக்கறான். அக்கா பையன் ஹால் சுவத்துல இருந்து அந்த முதல் வாளை எடுத்துட்டுப் போயிருக்கான். அதால கேக்கை வெட்டியிருக்கான். அதோட விட்டிருந்தா ஒண்ணும் இல்ல. ரீல்ஸுக்கு இன்னும் நல்லா இருக்கும்னு யாரோ சொல்ல, வாளை ஒரு சுத்து சுத்தியிருக்கான். ரெண்டாவது சுத்துல கைப்பிடி அவன் கையிலயே இருந்துச்சு. கத்தி இல்ல.

முக்கால் கிலோ இரும்பு, பிடி இல்லாம, காத்துல. எதிர்ல கேக் தட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்ன பையனோட இடது கையில, கட்டைவிரல் அடியில முனை இறங்கிடுச்சு.

அந்த வாளுக்குக் கூரே கிடையாது. எல்லார்கிட்டயும் நான் அப்படித்தான் சொல்லுவேன். "கூர் இல்லப்பா, வெறும் ஷோ." ஓரத்துக்குத்தான் கூர் இல்ல. முனை முனைதான்.

"நீ கிளம்பி வாடா"ன்னு அம்மா போன்ல சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கு. ஆஸ்பத்திரியில தசைநார் அறுந்திருக்குன்னு சொன்னாங்க. ஆபரேஷன். ஆறு வாரம் கட்டு. அப்புறம் பயிற்சி. அந்தப் பையன் யாருன்னா, எங்க ஊர்ல ஐந்து ரதம் போற ரோட்டுல கல் பட்டறை வெச்சிருக்கற சிற்பியோட பையன். அப்பாகிட்டயே தொழில் கத்துக்கிட்டு இருந்தான். சிற்பிக்கு வலது கையில சுத்தி, இடது கையில உளி. போனது உளி பிடிக்கற கை.

போலீஸ் வந்தாங்க. ஆஸ்பத்திரியில இருந்து தகவல் போயிருக்கு. கத்தியையும் உறையையும் எடுத்துக்கிட்டாங்க, எழுதி வாங்கிக்கிட்டாங்க. பையனோட அப்பா புகார் வேண்டாம்னு சொல்லிட்டாரு. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

ஒரு வாரம் கழிச்சு அம்மா மாடியைக் கூட்டும்போது தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி அந்தக் கைப்பிடி கிடைச்சுது. பயத்துல அக்கா பையன் தூக்கிப் போட்டிருக்கான். அதைப் பையில போட்டுக்கிட்டு நான் பட்டறைக்குப் போனேன். எதுக்குப் போனேன்னு எனக்கே தெரியல. திட்டு வாங்கிட்டாவது வரலாம்னு.

கிரைண்டர் சத்தம், வெள்ளையா கல் தூசி. அவர் திட்டல. "குடு தம்பி"ன்னு கைப்பிடியை வாங்கினாரு. சின்ன உளி ஒண்ணை எடுத்து அந்தக் கயித்துப் பின்னலை அறுத்தாரு. உள்ள ரெண்டு பிளாஸ்டிக் ஓடு. ஓட்டைப் பிளந்தா நடுவுல ஒரு கம்பி. பென்சில் தடிமன்கூட இல்ல. கத்தியோட அடியில அதை ஒரு பொட்டு வெல்டிங் வெச்சு ஒட்டியிருக்காங்க. அந்த வெல்டிங்தான் விட்டிருக்கு. கம்பி முழுக்கச் செந்துரு, தொட்டா உதிருது.

"இவ்வளவு தண்ணி எப்படிப்பா உள்ள போச்சு?"ன்னு கேட்டாரு.

குழாயடி. நான்தான். மாசா மாசம் நான் கழுவின தண்ணி கயித்துப் பின்னல் வழியா உள்ள இறங்கி, வெளிய வர வழி இல்லாம அங்கயே நின்னிருக்கு. கத்தி எவர்சில்வர், ஆனா உள்ள இருந்த கம்பி சாதா இரும்பு. கத்தி மின்ன மின்ன, கம்பி செத்துக்கிட்டு இருந்திருக்கு.

அவர் தன் உளியைக் காட்டினாரு. தலையில இருந்து முனை வரைக்கும் ஒரே இரும்பு, ஒட்டு இல்ல. "என் பையன் கையில குடுக்கற உளியைத் தினமும் பாப்பேன் தம்பி. அடிச்சு அடிச்சு தலை பூத்துடும். பூத்ததை ராவாம விட்டா சில்லு தெறிச்சுக் கண்ணுல அடிக்கும். நீ இதைச் சுவத்துல மாட்டறதுக்கு முன்னாடி கைப்பிடிக்குள்ள என்ன இருக்குன்னு பாத்தியா?"

பாக்கல. ஆறு வருஷத்துல ஒரு தடவகூடப் பாக்கல.

இப்போ நான் செய்யறது

அதனால பாலவாக்கம் தம்பிக்கும், இதே ஆசை இருக்கற எல்லாருக்கும், நான் கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

வாங்கறதுக்கு முன்னாடி கைப்பிடியைப் பத்திக் கேளுங்க. கத்தியோட இரும்பே கைப்பிடிக் கடைசி வரைக்கும் ஒரே துண்டா போகுதா, இல்ல கம்பி ஒட்டினதான்னு. விக்கறவருக்குத் தெரியலன்னா கம்பின்னே வெச்சுக்கோங்க. கம்பி வெச்ச வாளை வாங்கவே கூடாதுன்னு சொல்லல. அது ஒரு படம் மாதிரி. சுவத்துல பாக்கலாம், கையில எடுத்து வீசக் கூடாது. ஒரு தடவகூட. கேக்குக்குக்கூட. வீட்டுல ஏற்கெனவே இருந்தா, உறையோட கையில எடுத்து லேசா ஆட்டிப் பாருங்க. கைப்பிடியில லொடலொடன்னு சத்தம் வந்தாலோ, கைக்காப்பு ஆடினாலோ, அதை இறக்கிடுங்க.

மாட்டற இடம். கட்டில் தலைமாட்டுக்கு மேல, சோபாவுக்கு மேல, கதவுக்கு மேல வேண்டாம். கடலைப் பாத்த ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் வேண்டாம். மழையில ஓதம் ஏறற சுவர், புதுசா பூசின சுவர், ரெண்டும் வேண்டாம். ஆணி அடிச்சு நூல்ல தொங்கவிடாதீங்க. டிரில் போட்டு, பிளக் வெச்சு, திருகாணியில தாங்கியை இறுக்குங்க. தாங்கி வாளைத் தொடற இடத்துல கம்பளித் துணி ஒட்டுங்க. ஜப்பான்ல வாளைப் படுக்க வைக்கும்போது வெட்டு ஓரம் மேல பாத்தும், கைப்பிடி இடது பக்கமும் இருக்கற மாதிரி வைப்பாங்க. கைப்பிடி வலது பக்கம் இருந்தா உடனே உருவ வசதி. இடது பக்கம் வெச்சா, நான் சண்டைக்கு இல்லன்னு அர்த்தம். எனக்கு ரொம்பப் பிடிச்ச பழக்கம் இது.

எனக்கு இப்போ சுவரே இல்ல. பூட்டுப் போட்ட கண்ணாடி அலமாரி. உள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு. மாத்திரை டப்பாவுல வருமே, அதேதான், பெருசா கடையில கிடைக்கும்.

பராமரிப்பு. குழாயடி கிடையாது. நல்ல தண்ணியில நனைச்சு நல்லாப் பிழிஞ்ச பருத்தித் துணியால கத்தியை மட்டும் துடைக்கணும், உப்பு போகறதுக்கு. துடைக்கும்போது கைப்பிடி மேல பாத்து இருக்கணும், ஈரம் உள்ள இறங்காது. உடனே காஞ்ச துணி. அப்புறம் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு ரெண்டு சொட்டு. தடவினது தெரியக் கூடாது, அவ்வளவு மெல்லிசா. ஜப்பான்காரங்க கிராம்பு வாசனை சேர்த்த மெல்லிய எண்ணெய் போடுவாங்க. தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாள் ஆனா பிசுபிசுன்னு ஆகித் தூசியைப் பிடிக்கும். வெறும் கையால கத்தியைத் தொடாதீங்க. வியர்வையும் உப்புத்தான். ரேகை விழுந்த இடத்துல ரேகை மாதிரியே துரு வரும், நான் பாத்திருக்கேன்.

துரு வந்துட்டா இரும்பு நார் போட்டுத் தேய்க்காதீங்க. நார்த் துகள் எவர்சில்வர்ல பதிஞ்சு அதுவே துருப்பிடிக்கும். நைலான் நார், கொஞ்சம் மெட்டல் பாலிஷ், கத்தியோட நீளவாக்குல. உறைக்குள்ளயே வருஷக்கணக்கா வைக்காதீங்க. மரமும் தோலும் ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும்.

இதெல்லாம் புது அலங்கார வாளுக்கு மட்டும். தாத்தா பெட்டியில பழைய வாள் ஒண்ணு கிடைச்சுதுன்னா பாலிஷ் போடாதீங்க, கை வைக்காதீங்க. நூறு வருஷத்துக்கு மேல இருந்தா அது 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்துக்குள்ள வரும். எழும்பூர் மியூசியத்துல 1930ல இருந்தே உலோகப் பொருட்களைப் பாதுகாக்கற வேதியியல் ஆய்வகம் இருக்கு. போய் யோசனை கேளுங்க.

கடைசியா சட்டம். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்துல கூரான ஆயுதங்களும் வருது. அதோட விதிகள்ல வாள் பேர் சொல்லியே இருக்கு. 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ இருக்கற கத்திகளும், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செஞ்சது தவிர, பட்டியல்ல இருக்கு. பொம்மைக்கு விலக்கு உண்டு. ஆனா எந்தப் பொம்மை? ஆயுதமா மாத்தவே முடியாத பொம்மை. விளம்பரத்துல "டெகரேட்டிவ்"னு போட்டதால உங்க வாள் பொம்மை ஆகிடாது. அரம் போட்டுக் கூர் ஏத்தினா அந்த நிமிஷமே கதை மாறிடும். வாங்கறதுக்கு முன்னாடி தெரிஞ்ச வக்கீல்கிட்டயோ உங்க ஏரியா ஸ்டேஷன்லயோ கேட்டுக்கோங்க. தெருவுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க. ரீல்ஸ்ல காட்டாதீங்க. பட்டாக்கத்தியால கேக் வெட்டி வீடியோ போட்ட பசங்க கைதான செய்தியை எத்தனை தடவ படிச்சிருப்பீங்க.

இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் 2025 ஆகஸ்ட் 1ல இருந்து நிஞ்சா வாளை வீட்டுல வெச்சிருக்கறதே குற்றம். ரோனன் சட்டம்னு பேர். 2022ல பதினாறு வயசுப் பையன் ஒருத்தனை ஆன்லைன்ல வாங்கின நிஞ்சா வாளால, வேற ஒருத்தன்னு நெனச்சுக் கொன்னுட்டாங்க. அவனோட அம்மா விடாம போராடிக் கொண்டு வந்த சட்டம் அது. அந்த நாட்டுச் சேகரிப்பாளர்கள் சிலருக்கு வருத்தம் இருக்கலாம், நாங்க என்ன பண்ணினோம்னு. எனக்கும் முன்னாடி அப்படித்தான் தோணியிருக்கும். ஆனா "நான் ஒண்ணும் பண்ணல"ன்னு சொல்ற தகுதி எனக்கு இல்ல. அன்னைக்கு நானும் ஒண்ணும் பண்ணல. ஆபீஸ்ல உக்காந்திருந்தேன். வாள் பூட்டு இல்லாத சுவத்துல, பதினெட்டு வயசுப் பசங்க கை எட்டற உயரத்துல இருந்துச்சு. அவ்வளவுதான் நான் பண்ணினது.

அந்தப் பையன் இப்போ பட்டறைக்குப் போறான். கட்டைவிரல் முழுசா மடங்காது. உளியைக் கொஞ்சம் வேற மாதிரி பிடிச்சுக் கத்துக்கிட்டான். நுணுக்க வேலைக்கு நேரம் எடுக்குதுன்னு அவனே சொன்னான். ஆபரேஷன் செலவுல என்னால முடிஞ்சதைக் குடுத்தேன். விரலைக் குடுக்க முடியாது.

போன ஆயுத பூஜைக்கு அவங்க பட்டறைக்குக் கூப்பிட்டிருந்தாங்க. உளி, சுத்தி எல்லாத்தையும் கழுவி, காய வெச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு வரிசையா அடுக்கியிருந்தாங்க. அன்னைக்கு அதுல எதையும் எடுக்கக் கூடாது. வருஷத்துல ஒரு நாள் தொடாம இருக்கணும், அவ்வளவுதான் விதி. பொரி குடுத்துட்டு சிற்பி கேட்டாரு, "இன்னும் வாள் வெச்சிருக்கியா தம்பி?"

"நாலு இருக்கு அண்ணே. பிரிச்சுப் பாத்துட்டேன். மூணு கம்பி, ஒண்ணு முழு இரும்பு."

"சாவி?"

"அம்மாகிட்ட."

தலையாட்டினாரு. வேற ஒண்ணும் சொல்லல.

அந்த உடைஞ்ச கைப்பிடியை நான் தூக்கிப் போடல. அலமாரியில நடு வரிசையில இருக்கு. கயிறு அறுந்து, ஓடு பிளந்து, உள்ள இருக்கற கம்பி தெரியற மாதிரியே வெச்சிருக்கேன். வீட்டுக்கு வர்றவங்க முதல்ல அதைத்தான் கேப்பாங்க. சொல்லுவேன். சொல்லி முடிச்சப்புறம், "ஒரு தடவ எடுத்துப் பாக்கட்டுமா?"ன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.

பாலவாக்கம் தம்பி, வாங்கறதா இருந்தா வாங்கு. துரு பிடிக்குமான்னு கேட்ட. பிடிக்கும். வெளிய பிடிக்கறது உனக்குத் தெரியும். உள்ள பிடிக்கறதைப் பிரிச்சுப் பாரு.

அடுத்த வாரம் பாப்போம்.